அப்பா காத்த மஞ்சள் ரோஜா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்காக, அவருடைய மூத்த மகள் நான் சொல்லச் சொல்ல, ஹாலிஎலவில் வாத்தியாராக இருக்கும் என் தம்பி எழுதுகிறான். எழுத்து அவனுடையது, குற்றம் என்னுடையது.

அப்பா துறையூர்ப் பக்கம் பிறந்தவர். பஞ்சத்தில் தோணியேறி, கால் வீங்க நடந்து இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். பல ஆண்டுகள் மலையில் மண் வெட்டிய பிறகு வெள்ளைக்காரத் துரையின் பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் அந்த மஞ்சள் ரோஜா இருந்தது. இரண்டு ரோஜாச் சாதிகளைக் கலந்து இங்கிலாந்துச் சீமையில் உண்டாக்கிய செடி; மேசைக் குவளைக்காக நீளக் காம்போடு வெட்டும் பூ. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் காட்டுத் துளிரை அகற்றுவார். சாணமும் சாம்பலும் இடுவார். மொட்டு நனையாமல் எண்ணெய்க் காகிதத்தால் குடை கட்டுவார். எங்களைக்கூட அவர் அவ்வளவு பார்த்துக்கொண்டதில்லை. எனக்கு அதில் பொறாமைதான்.

கூலிகளின் வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா ஒழுகும். அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. பதுளையில் துரைமார் வைக்கும் பூப்போட்டியில் அந்தப் பூ வென்றால், மேல் லயத்தில் ஒழுகாத காம்பரா தருவதாகத் துரை சொன்னார். அந்த நேரம் பார்த்து அப்பா காய்ச்சலில் விழுந்தார்.

"தாயி, நடு மொட்ட மட்டும் வுட்டுட்டு, பக்கத்து மொட்டுங்களக் கிள்ளிப்போடு. அப்பதான் பூ பெருசா வரும்" என்றார்.

நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, களைத்துப்போய் அங்கே போனேன். நினைப்பு அம்மாவிடம் இருந்தது. கொழுந்தின் நுனியைக் கிள்ளும் பழக்கத்தில் விரல்கள் நடு நுனிக்கே போய்விட்டன. நடு மொட்டு என் கையில் கிடந்தது. பக்க மொட்டுகள் மூன்றும் பத்திரமாகச் செடியில் நின்றன.

நான் கொண்டுவந்த மொட்டைப் பார்த்த அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார். "காய்ச்ச மயக்கத்துல நான்தான் கிள்ளிட்டேங்க, தொரை" என்றார். மறுநாளே அவரை மண்வெட்டிக்கு அனுப்பினார்கள். காம்பரா வேறொருவருக்குப் போயிற்று.

"நான்தானேப்பா..." என்று அழுதேன்.

"கொழுந்து பறிச்ச கை தாயி. வேற என்னா செய்யும்?"

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த மழையில், ஒழுகும் அதே காம்பராவில், அம்மா போய்விட்டார். அப்பா சாகும்வரை மண் வெட்டினார்.

கடைசி நாட்களில் பசறையிலிருந்து மருந்து வாங்கி வந்தவர்களுக்கும், பாடையைச் சுமந்தவர்களுக்கும், சமைத்துக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "ஒரு பூவப் பாத்துக்கத் தெரியாம பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டான்" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அவரைச் சொல்லாதீர்கள். கிள்ளியவள் நான்.