சாலு

என் மேசையில் மூடி திறக்காத ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே வெள்ளைக் கிரீம். நான்கு வருடமாகியும் எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு என்று பிரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கம்பெனியில் கலக்கும் மிஷினை ஓட்டிய அண்ணன் நினைவுக்கு வருவார்.

ஓசூரில் கிரீம் தயாரிக்கும் கம்பெனியில் அப்போது நான் தற்காலிக வேலையில் இருந்தேன். தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்புகளைத் தண்ணீரோடு கலந்து, வெடித்த தோலுக்கு ஒரு கிரீம் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைக்கப் பூந்திக்கொட்டைச் சாறும் சோயா லெசித்தினும் மட்டும்தான். சொல்ல என்ன, சுலபம். சூட்டில் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆறியதும் மணல் மணலாகத் திரிந்து தண்ணீர் கக்கிவிடும். இந்த முறையும் பிரிந்தால் வேலை நிரந்தரமாகாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று கலவை சூடாக இருந்தபோதே, கிளறக் கிளற நுரைத்துத் தொலைக்குமோ என்ற பயத்தில் "அண்ணா, சாலு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் தெலுங்கு. சாலு என்றால் போதும். அவர் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். அவருக்குச் சாலு என்றால் ஓடட்டும். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் மிஷினின் துடுப்பு இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், வயதில் மூத்தவர் என்றும் பாராமல் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் போய் மிஷினை அணைத்தார்.

சோதனைக்காகச் சூட்டுப் பெட்டியில் ஒரு மாதம் வைத்தும் அந்தக் கிரீம் பிரியவில்லை. ஆறும்வரை கிளறிக்கொண்டே இருந்ததால்தான் கொழுப்பு கட்டி தட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டு நிறுத்திக் கெடுத்தவள் நானேதான். வெட்கமாகப் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சாலுன்னீங்க, நானும் ஓட உட்டேன். ஏன் திட்டுறீங்கன்னுதான் மேடம் புரியல," என்றார். அறிக்கையில் நடந்ததை அப்படியே எழுதினேன். வேலையும் நிரந்தரமானது. எங்கள் தயாரிப்புக் கூடத்தில் ஆறும்வரை கிளறும் அந்தக் கட்டத்துக்கு இன்றும் சாலு என்றுதான் பெயர்.

அந்தக் கிரீமில் ஆளுக்கொரு குப்பி எடுத்துக்கொண்டோம். ஓய்வு பெற்றுவிட்ட அவரை மத்திகிரி வீட்டில் போன மாதம் பார்த்தபோது, அவருடைய குப்பி எங்கே என்று கேட்டேன். அடுப்படியில் அது சீரகம் நிரம்பி நின்றது.

"கிரீம் அப்பவே தீந்துபோச்சு மேடம். கால் வெடிப்புக்கு ஊட்டுக்காரி பூசிக்கிட்டா. பாத்துட்டு இருக்கறதுக்கா செஞ்சோம்?"

வந்து என் குப்பியைப் பார்த்தேன். அப்படியே இருந்தது. கீழே என் குதிகால், பாளம் பாளமாக வெடித்து.