வாரத்துக்குப் பிடித்த சிறகுநாகம்

"5-6-2005, ஞாயிறு. காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். சோளக்காட்டில் வாத்தியாருடன் கடைசி ஆட்டம். வென்றவர்: மச்சான் (ஆடவில்லை)."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மழை, வெயில், இடம் எல்லாம் பேனாவில் இருக்கின்றன. வென்றவர் பெயரை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஆடாத ஒருவர் எப்படி வெல்ல முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சலித்துவிட்டது. எழுதியே வைத்துவிடலாம்.

அப்போது நான் கொல்லிமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். வாத்தியார் அங்கே அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். 2002 கடைசியில் மாற்றலாகி வந்தார். பெங்களூரில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஒரு முறை வந்தபோது ஒரு பெட்டி நிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ரம்மிச் சீட்டு அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு பூதமோ, விலங்கோ, மந்திரமோ, கோட்டையோ படமாக இருக்கும். அது என்ன செய்யும் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் உயிர்களைத் தீர்ப்பவர் வென்றவர். இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டு கிடையாது. தன்னிடம் உள்ள சீட்டுகளிலிருந்து நாற்பதைத் தானே பொறுக்கித் தன் கட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சீட்டு எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்தான் ஆட்டத்தின் பாதி இருக்கிறது. என்னைக் கேட்டால் முக்கால்வாசி.

ஆட்ட விதிகள் அச்சிட்ட தாளும் பெட்டியில் இருந்தது. ஆனால் அதன் கடைசி மடிப்பு கிழிந்து போயிருந்தது. இருந்தவரை நான் தமிழில் எழுதினேன். விடுபட்ட இடங்களுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது வாத்தியார் ஒரு வரி சொன்னார். "தாள் சொல்லாத விஷயத்துக்கு ஊர் வழக்கம்." அதையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அப்போது அது நியாயமான வரியாகவே பட்டது.

ஞாயிறுதோறும் சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடையின் பின்பெஞ்சில் ஆடுவோம். முதல் மாதம் கடைக்காரர் எங்களை நம்பவில்லை.

"ஏனுங்க சார், காசு வெச்சு ஆடறதுன்னா வெளிய போயிருங்க. போலீஸ் வந்தா எனக்குத்தான் தலவலி."

"காசெல்லாம் இல்லீங்க. பாருங்க, பூதம்" என்று ஒரு சீட்டை நீட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். "இதுக்கு நீங்க காசு வெச்சே ஆடியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியாரின் கட்டில் அழகு என்று எதுவுமே கிடையாது. வாளேந்திய சிறு சிப்பாய்கள், மேலும் சிப்பாய்கள், அவ்வளவுதான். முதல் சுற்றிலேயே ஒருவனை இறக்குவார், அடுத்த சுற்றில் இருவரை. ஐந்தாறு சுற்றுகளில் என் உயிர் தீர்ந்திருக்கும். கணக்கு வாத்தியார், மூளைக்கு வேலை கொடுப்பார் என்று எதிர்பார்த்த எனக்கு இது பெரிய ஏமாற்றம். நானோ மூன்று சீட்டுகள் ஒன்றுக்கொன்று பல்சக்கரம்போலப் பொருந்திச் சுழலும் ஒரு சேர்க்கையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றை அமைத்து, ஒரே ஒரு முறை அவரை வெல்ல வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை. இரண்டரை வருடங்களில் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை.

சேர்க்கையின் இரண்டு சீட்டுகள் என்னிடம் இருந்தன. ஒன்று பலிபீடம். நான் மேசையில் இறக்கிய பூதம், விலங்கு என்று ஏதாவது ஒரு உருப்படியை அதில் பலி கொடுத்தால் எனக்கு ஒரு பலம் கிடைக்கும். மற்றது சுடுகாட்டுக் காவலன். இரண்டு பலம் செலுத்தினால் செத்த உருப்படி ஒன்றை மேசைக்குத் திருப்பிக் கொண்டுவருவான். மூன்றாவதுதான் இல்லை. வந்தவுடனேயே குட்டிபோடும் ஒரு தாய் வேண்டும்.

அது மச்சானின் ஜீப் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பேளுக்குறிச்சியில் சொந்தக் காடு, ஆடு மாடு எல்லாம் உண்டு. வெள்ளாமை இல்லாத நாட்களில் சுற்றுலா ஆட்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றிக்கொண்டு வருவார். வாசலூர்பட்டிக்குப் படகு விடப் போன கல்லூரிப் பையன்கள் யாரோ அந்தச் சீட்டை வண்டியில் விட்டுவிட்டார்கள். திரும்பக் கேட்டு வருவார்கள் என்று ஒரு மாதம் எடுத்து வைத்திருந்தாராம். வரவில்லை என்றதும் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். ஓரமெல்லாம் மின்னும் சீட்டு. கூட்டில் சிறகோடு ஒரு நாகம், அதன் மடியில் இரண்டு குட்டிகள். 'இது மேசைக்கு வரும்போதெல்லாம் இரண்டு குட்டிகள் பிறக்கும். அவை பிறந்த சுற்றிலேயே எதிராளிமேல் பாயலாம்.' இதை மூன்று முறை படித்தேன். உலகத்தில் எத்தனையோ சீட்டுகள் இருக்க, எனக்கு வேண்டிய ஒன்று வெயிலில் வெளுத்துக்கொண்டு ஊதுபத்திப் புகை பிடித்துக்கொண்டிருக்கிறது!

விலைக்குக் கேட்டேன். தரவில்லை. என்னிடமிருந்த வேறு நாலு சீட்டுகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாங்க மாப்ள. இது வந்ததிலிருந்து வண்டி ஒரு நாள் கூட நிக்கல. விக்கறதுக்கில்லை. வேணும்னா வாரத்துக்குப் புடிச்சிக்கிட்டுப் போங்க."

மச்சானின் ஆடுகளில் பாதி மலையில்தான் மேய்ந்தன. மலைக்காரர்களிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டிருந்தார். தாய் ஆடு கொடுத்தவருக்கே சொந்தம், வளர்ப்பவர் மேய்த்துக் காப்பாற்ற வேண்டும், ஈனும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. எங்கள் பக்கத்தில் இதற்குத் தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கயிற்றைக் கையில் கொடுத்தால் பேச்சு முடிந்தது. மச்சான் சீட்டைக் கண்ணாடியிலிருந்து பதமாகப் பெயர்த்தார். அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதன் முனையை இழுத்து என்னிடம் நீட்டினார்.

"கயித்தப் புடிங்க."

வேடிக்கை செய்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிடித்தேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் மூன்றையும் பரப்பி, காப்பிக்கொட்டைகளைக் குட்டிகளாக வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். நாகம் வருகிறது, இரண்டு குட்டிகள். தாயையும் ஒரு குட்டியையும் பலி கொடுத்தால் இரண்டு பலம். அதைக் காவலனிடம் கொடுத்தால் தாய் திரும்ப வரும், கூடவே புதிதாக இரண்டு குட்டிகள். பழைய குட்டி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆக மூன்று. இன்னொரு முறை சுழற்றினால் நான்கு. இதற்கு முடிவே கிடையாது. ஆயிரம் வேண்டுமா, ஆயிரம்.

என் மனைவி கொட்டைகளைப் பார்த்தாள். "வறுக்க வெச்சத எடுத்து இங்க என்ன பண்றீங்க?"

விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"சரி, நாப்பது சீட்டுல இந்த மூணும் ஒண்ணா உங்க கைக்கு எப்ப வரும்?"

"வரும்."

"அதுக்குள்ள உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் வந்துரும்."

அவள் சொன்னது ஏறக்குறைய நடந்தது. அந்த வருடம் முழுக்க மூன்றில் ஒன்று கட்டின் அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. பீடமும் காவலனும் வந்தால் நாகம் வராது. நாகம் வந்தால் பீடம் வராது. ஒரு முறை, தோற்ற பிறகும் சும்மா மேலும் இரண்டு சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் மூன்றும் கையில் சேர்ந்தன. வாத்தியார் அதற்குள் சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல யோசனைதான் சார். கொஞ்சம் மெதுவா இருக்கு" என்பார் ஒவ்வொரு முறையும். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை அவர் சொல்கிற விதம் இன்னும் காதில் இருக்கிறது.

2005 மே மாதம் அவருக்கு வெளி மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. ஜூன் முதல் ஞாயிறு மத்தியான பஸ்ஸில் சாமான்களோடு கிளம்புவதாக இருந்தார். பஸ் வரும்வரை ஒரு ஆட்டம் என்று முடிவானது. மச்சானும் அன்று சோளக்காட்டில் இருந்தார். அவர் ஏற்றி வந்தவர்கள் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டிருந்ததால், எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். ஆட்டத்தைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மூன்று சீட்டுகளும் வந்தன. எனக்கு மூன்று உயிர்தான் மிச்சம். வாத்தியாரின் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். அடுத்த சுற்றில் நான் காலி. பீடத்தை வைத்தேன், காவலனை வைத்தேன், நாகத்தை இறக்கினேன். சட்டைப்பையிலிருந்து காப்பிக்கொட்டைகளை எடுத்தேன். வாத்தியார் முதல் முறையாக முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"ஆயிரம் முறை சுழற்றுகிறேன்" என்று அறிவித்தேன்.

"ஆயிரமும் வெச்சுக் காட்ட வேண்டாம் சார். ரெண்டு சுத்து காட்டுங்க, மீதிய ஒத்துக்கறேன். ஆனா சொன்னா சொன்னதுதான், பின்வாங்கக் கூடாது."

"சொன்னது சொன்னதுதான்."

முதல் இரண்டு குட்டிகளை வைத்தேன். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு கொட்டையை எடுத்துத் தன் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

"மச்சான், ஆட்டத்துக்கு நடுவில என்ன இது?"

"என்ர பங்குங்க."

"என்ன பங்கு?"

"வாரத்துக்குத்தானுங்களே புடிச்சிக்கிட்டு வந்தீங்க? ஈத்துக்கு ரெண்டுன்னா எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. ஒரு வருசமா ஈனவே இல்லைன்னு நானும் கேக்காம இருந்தேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இரவல் சீட்டு போடற குட்டி யாருக்குன்னு தாள்ல இருக்கா?"

"இல்லை. அந்த மடிப்புதான் கிழிந்துவிட்டதே."

"அப்ப ஊர் வழக்கம்" என்றார் வாத்தியார். "நீங்கதானே எழுதினீங்க?"

எழுதியவன் நான், சொன்னவர் அவர் என்று வாதாடினேன். ஆட்டின் வழக்கம் ஆட்டுக்குத்தான், அச்சடித்த பாம்புக்கு எப்படிப் பொருந்தும் என்றேன். மச்சான் எழுந்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். கடைக்காரர் வடைக் கரண்டியோடு வந்து, இரண்டு பக்கமும் கேட்டு, "கயித்தப் புடிச்சீங்களா இல்லீங்களா?" என்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது ரப்பர் பேண்ட் என்றேன். "புடிச்சீங்களா?" என்றார் மறுபடியும்.

வாத்தியார் கணக்குப் போட ஆரம்பித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இரண்டரை வருடங்களாகச் சிப்பாய்களை மட்டும் இறக்கிய மனிதர் அன்றைக்குப் பார்த்துக் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டார்.

"பாருங்க சார். ரெண்டு குட்டியில அவருக்கு ஒண்ணு போயிட்டா உங்களுக்கு ஒண்ணு. தாயும் அந்த ஒண்ணும் பலி. தாய் திரும்ப வருது, ரெண்டு குட்டி. அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. நீங்க நின்ன இடத்துலயே நிக்கறீங்க. சுத்தச் சுத்த அவருக்குத்தான் பெருகுது. ஆயிரம் சுத்துக்கு அவருக்கு ஆயிரத்து ஒண்ணு."

"அப்படியானால் நான் சுழற்றவில்லை."

"சொன்னா சொன்னதுதான்னு நீங்களே சொன்னீங்களே."

மச்சான் ரோட்டை மறந்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஏனுங்க வாத்தியாரே, என்ர குட்டிக யாரு மேல வேணாலும் பாயுங்களா?"

"ஆடறவங்க மேல பாயும்."

"ஆடறது நீங்க ரெண்டு பேருதானுங்களே. அப்ப ரெண்டு பேரு மேலயும் பாயட்டுங்க. ஒருத்தர உட்டா மத்தவருக்கு வருத்தமா இருக்கும்."

வாத்தியார் தன் சிப்பாய்களை எண்ணிப் பார்த்தார். பிறகு சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மச்சானுக்குக் கை கொடுத்தார். இரண்டரை வருடங்களாக யாரிடமும் தோற்காதவர், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு தோற்றார். எனக்கு எதிரே உட்கார்ந்து, என் சேர்க்கையால், என் கண் முன்னே. ஆனால் என்னிடம் அல்ல.

"ஆட்டத்தில் இல்லாதவருக்கு ஏது சுற்று? அவர் எப்படிப் பாய விடுவார்?" என்று நான் கேட்டது பஸ் ஹாரனில் போய்விட்டது. நாமக்கல் பஸ் வந்து நின்றது. நானும் மச்சானும்தான் வாத்தியாரின் மெத்தைச் சுருளை மேலே ஏற்றினோம். ஜன்னல் வழியாக அவர், "லீவுக்கு வாரேன் சார், மறுபடி ஆடலாம்" என்றார். வரவில்லை. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அங்கே குடும்பம், வேலை. முதல் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. கீழே சிறிய எழுத்தில், 'மச்சானையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று இருந்தது.

மாலையில் மச்சான் வீட்டுக்கு வந்து சீட்டைக் கேட்டார். ரப்பர் பேண்டோடு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"குட்டிகளுங்க?"

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டே உள்ளே போய், அண்ணனுக்கு ஒரு பை நிறையக் காப்பிக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கையால் எடை பார்த்துவிட்டு, "ஆயிரத்துக்குக் கொஞ்சம் கொறையும்ங்க மாப்ள, பரவால்ல" என்றார். நாகம் மறுபடியும் முருகனுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

கிழிந்த மடிப்பில் என்ன இருந்தது என்று அதன் பிறகு தேடாத இடமில்லை. 2007இல் நாமக்கல்லில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, இதே ஆட்டம் என்று தோன்றிய ஒன்றின் விதிகளைப் படித்தேன். பிறக்கும் உருப்படி, தாயை மேசையில் இறக்கியவருக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதன்படி அன்று நான் வென்றிருக்கிறேன். மச்சானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அது எந்த ஊரு வழக்கமுங்க?" என்றார்.

அவரை விட்டுவிடலாம். ஆனால் அந்த வரி எங்களிடம் இருந்த பதிப்புக்கும் பொருந்துமா, அல்லது பின்னால் சேர்க்கப்பட்டதா என்பதை அந்தப் பக்கம் சொல்லவில்லை. முழுத் தாள் உள்ள பெட்டி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. வாத்தியாரின் தம்பிக்கு இதைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆகவே 5-6-2005 ஆட்டத்தில் வென்றவர் யார் என்பது உறுதி செய்யப்படவில்லை. பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.