கேட் வரைக்கும் வந்தவர்கள்

"ஆளே வராத ஓ.பி.க்கு டாக்டர் எதுக்கும்மா? கும்மிடிப்பூண்டி கேஸ் எல்லாம் இனிமே திருவள்ளூருக்கே வரட்டும்."

ரிவ்யூ மீட்டிங்கில் மாவட்ட அதிகாரி இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. மாவட்ட மனநலத் திட்டத்தில் நான் அப்போது சமூகப் பணியாளர்; கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் நடந்த மனநல ஓ.பி. எங்களுடையது. அங்கே வரும் கம்பெனித் தொழிலாளர்கள் திருவள்ளூர் போய்வர ஒரு நாள் லீவு போட வேண்டும். கான்ட்ராக்ட் வேலையில் லீவு கேட்பதைவிட மாத்திரையை நிறுத்துவது சுலபம். ஒரு மாசம் டைம் கொடுங்க சார் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினேன்.

மறுநாளே தேவியைத் தேடி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனேன். ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் நிற்பவள். பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு எங்களிடம் மருந்து சாப்பிட்டு அழகாகத் தேறிக்கொண்டிருந்தவள், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். முதல் ஷிஃப்ட் விட்டு வந்தவளைப் பஸ் ஸ்டாப்பில் மடக்கினேன். மறுபடி தூக்கம் போச்சு, குழந்தையைத் தூக்கவே பிடிக்கலை என்றாள். அப்புறம் ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"வராம இன்னாக்கா? ஆஸ்பத்திரி கேட் வரிக்கும் வந்துட்டுதான் திரும்பிப் போறேன். எங்க சூப்பர்வைசரு, மிஷின்ல கை அடிபட்டவங்கள இட்டுக்கினு வந்து, உங்க ரூமுக்கு எதிர் வராண்டாலயே குந்திக்கினு கீறாரு. என்னப் பாத்தாருன்னா நாளைக்கு லைன்ல நிக்க உடுவாரா?"

அட! விழிப்புணர்வு போதவில்லை என்று எத்தனை மீட்டிங்கில் பேசியிருப்போம். இங்கே விழிப்புணர்வு கேட் வரைக்கும் நடந்து வந்து திரும்பிப் போயிருக்கிறது! வருவதை நிறுத்திய மற்றவர்களையும் போய்ப் பார்த்தேன். பலரும் அதே வராண்டாவைத்தான் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் தெரிந்துவிட்டதே.

எங்கள் டாக்டரிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவ்வளவு தூரம் செவ்வாப்பேட்டையிலிருந்து வருபவர், ஓ.பி.யைச் சாயங்காலம் வைத்தால் வீடு போய்ச் சேர ராத்திரியாகும். ஆனாலும் உடனே சரி என்றார். காலை ஓ.பி.யை ஷிஃப்ட் விட்ட பிறகு சாயங்காலத்துக்கு மாற்றினோம். வாசலில் மாட்டியிருந்த 'மனநலப் பிரிவு' போர்டைக் கழற்றினோம். சுகர், பிரஷர் பார்க்கும் அறையிலேயே எங்களுக்கும் ஒரு மேஜை. எல்லோருக்கும் ஒரே வரிசை.

கெடு முடிகிற வாரம் அதிகாரி சொல்லாமல் வந்து நின்றார். வராண்டா நிறைய கம்பெனி யூனிஃபார்ம். வரிசையின் கடைசியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் மனநல ஓ.பி. எங்கே என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாது சார். இங்க எல்லாருக்கும் ஒரே லைன்தான். என் பின்னாடி நில்லுங்க" என்றாள் தேவி.

நின்றார். யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லையே என்றார் என்னிடம். அதுதான் சார் வேணும் என்றேன். ஓ.பி. கும்மிடிப்பூண்டியிலேயே தங்கிவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, ஆள் வரவில்லை என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வராதவர்களைத் தேடிப் போங்கள். எதுவரைக்கும் வந்தீர்கள் என்று கேளுங்கள்.