டாக்டரிடம் நான் மறைத்தது

நாங்கள் வடக்கே, மயூர் விஹாரில் வசிக்கிறோம். என் கணவருக்கு அடிக்கடி காதில் சீழ் வரும். மருந்துக் கடையில் நானே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி வருவேன். "வலி நின்னுடுச்சு, இன்னும் எதுக்கு?" என்று இரண்டே நாளில் நிறுத்திவிடுவார்.

போன குளிர்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கழுத்தை வளைக்க முடியவில்லை. என்னையே யாரென்று கேட்டார். காதுச் சீழ் பரவி வந்த மூளைக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

"இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் ஊசி மருந்து ஏற்றியும் அவர் கண் திறக்கவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"அச்சா, இப்பவாவது சொன்னீங்களே. பாதியில நிறுத்தினா கிருமி அந்த மருந்துக்குப் பழகிடும்" என்றவர், உடனே மருந்தை மாற்றினார். பழைய மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று மறுநாள் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் காட்டியது. நான்காம் நாள் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இப்போது டாக்டர் சீட்டு இல்லாமல் நான் மாத்திரை வாங்குவதில்லை. அவர் இன்னமும் பாதியில் நிறுத்தத்தான் பார்க்கிறார். வலது பக்கம் போய் நின்று, "முழுசா முடிங்க" என்கிறேன். இடது காது அவருக்கு இப்போது கேட்பதில்லை.