நல்ல கொழுப்புக்கு லேமினேஷன்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை லேமினேஷன் செய்து சுவரில் மாட்டிய மனிதர் நகரியில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் என் அண்ணன். நாலு விசைத்தறி ஓடும் அவருடைய கொட்டகையில், காலண்டருக்குப் பக்கத்தில் அது தொங்கியது. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். எழுபத்தெட்டு என்ற வரியைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் சுற்றியிருந்தார். எல்.டி.எல். வரியின் மேல், தன் தறியில் நெய்த லுங்கிகளுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, அதன் பிறகே லேமினேஷனுக்குக் கொடுத்திருந்தார். கெட்ட கொழுப்புக்கு இப்படியும் ஒரு வைத்தியம்!

அந்த ரிப்போர்ட்டை அடித்துக் கொடுத்தவன் நான்தான். திருப்பதியில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். எல்.டி.எல். நூற்று எண்பத்தாறு என்று பார்த்த டாக்டர், தினம் ஒரு மாத்திரை எழுதினார். அண்ணன் மூன்று மாதம் போட்டார். பிறகு வாட்ஸ்அப்பில் எவனோ ஒரு வீடியோ அனுப்பினான். நல்ல கொழுப்பு ரத்தக் குழாயைச் சுத்தம் செய்துவிடுமாம். டாக்டர் பல வருடம் படித்துச் சொன்னதை விட, முகம் தெரியாதவன் மூன்று நிமிடத்தில் சொன்னது அண்ணனுக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். என்னிடம் மட்டும் பெருமையாகச் சொன்னார்.

"நல்லது எழுபத்தெட்டு கீதுடா. அது பெருக்கித் தள்ளிக்கினே இருக்கும். மாத்திர இன்னாத்துக்கு?"

"ஆமாண்ணா, உனக்குள்ள ஒரு முனிசிபாலிட்டியே வேல செய்யுது" என்றேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் அலட்டல் தாங்க முடியவில்லை. நூல் கொண்டுவருபவர், கரண்ட் ரீடிங் எடுப்பவர் யாரானாலும் சுவரைக் காட்டாமல் அனுப்பமாட்டார். எனக்கு ஹெச்.டி.எல். முப்பத்து நாலு. அது தெரிந்த நாளிலிருந்து என்னைத் துக்க வீட்டுக்காரனைப் போலப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எனக்கு வைத்த எலும்பையும் அவரே எடுத்துக்கொண்டு, "உனக்கு ஆகாதுடா, பாவம்" என்பார். நான் அவரை ஹெச்.டி.எல். ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தேன். லேபில் அவர் கதையைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருப்பேன்! ஹெச்.டி.எல். குறைந்தால் ஆபத்து என்பது சரி. ஆனால் அது நிறைய இருப்பதால் எல்.டி.எல். செய்யும் கெடுதல் இல்லாமல் போய்விடாது. இது தெரியாத முட்டாளாக இருக்கிறாரே என்று அவரை மனதுக்குள் மட்டம் தட்டியதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஒளிப்பானேன்.

போன ஆவணியில் ஒரு காலை, தறி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இடது தோளும் தாடையும் வலித்திருக்கின்றன. கேஸ் என்று சொல்லி சோடா குடித்தார். இரண்டாவது சோடாவையும் குடித்த பிறகுதான் அண்ணி சண்டை போட்டு அவரை வண்டியில் ஏற்றினார். புத்தூர் தாண்டுவதற்குள் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டதாம். போன் வந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணன் செத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். ஸ்டென்ட் வைத்தாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி கெட்டுவிட்டது, இனி பழையபடி வேலை செய்ய முடியாது என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "மந்துலு எப்புடு ஆபேசாரு?" என்று, மாத்திரையை எப்போது நிறுத்தினார் எனத் தெலுங்கில் கேட்டார்.

"மாத்திரைய நிறுத்தவே இல்ல சார். தெனம் டிபனோட நான்தான் எடுத்து வெக்கிறேன்" என்றார் அண்ணி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு வருஷமா போடல சார்."

டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணி அழவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு வருசமா எங்க வூட்டுக்கு வந்து துன்னுட்டு, சிரிச்சிட்டுப் போனியே. ஒரு தபா என்னாண்ட சொல்லக்கூடாதா?"