மூன்று மொழி டிஸ்க்

பிள்ளைகளே, நீங்கள் ஒன்றாக இருக்கும்போது இதை மூத்தவள் வாசிக்க, சின்னவன் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். மகளே, நீ தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள்; ஆறாம் வகுப்பிலிருந்துதான் சிங்களப் பள்ளிக்கூடம். மெதுவாக என்றாலும் வாசித்துவிடுவாய். மகனே, உன்னை முதலாம் வகுப்பிலேயே யட்டியாந்தோட்டையில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அக்காவோடு ஒரே பஸ்ஸில் போய் வரட்டும் என்றுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் உங்களை எங்கேயோ தூரத்தில் தங்க வைத்திருக்க வேண்டும். உங்கள் அம்மாவும் நானும் அதற்கு மனசு வராமல் எடுத்த முடிவு அது. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை.

நான் ஓ.எல். பரீட்சை வரை தமிழில் படித்தவன். சிங்களம் சரளமாகப் பேசுவேன். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. பஜாரில் கம்யூனிகேஷன் கடையில் போட்டோகாப்பி எடுப்பதும் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும்தான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கொழும்புக் கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களைத் தோட்டத்து வாசிகசாலைகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு சிஸ்டம் போட்டுக் கொடுக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் முதலில் இங்கிலீஷில் போட்டு, பிறகு தமிழையும் சிங்களத்தையும் போன் டேட்டாவில் இறக்க வேண்டும். சிக்னல் கடையின் பின்வாசல் படியில் மட்டும்தான் கிடைக்கும். பாதியில் நின்றுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடை முதலாளி சிங்களவர். கடைத் தமிழ் பேசுவார். என்னை மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"மல்லி, ஒரே டிஸ்க்கில மூணு பாஷையும் இருந்தா நல்லம்தானே?"

"அப்படி டிஸ்க் கடையில கெடைக்காதுங்க மொதலாளி."

"கெடைக்காட்டி செய். கொத்து ரொட்டி கேட்டா, முட்டை வேற ரொட்டி வேறயா தட்டுல வச்சி நீயே கொத்திக்கன்னா சொல்றான்?"

அப்படித்தான் தொடங்கியது. காசில்லாமல் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதன் டிஸ்க்கை இறுக்கிக் கட்டிய மூட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை அவிழ்த்து, தமிழுக்கும் சிங்களத்துக்கும் வேண்டிய எழுத்துருக்களையும் கீபோர்டுகளையும் உள்ளே வைத்து, இடம் போதாததால் விளையாட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, திரும்பக் கட்டி டிஸ்க்கில் பதிய வேண்டும். இங்கிலீஷில் இருந்த விளக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துச் செய்தேன். கட்டும்போது ஒரு சின்னது விட்டுப்போனாலும் மெஷின் எழும்பாது. கெட்டுப்போன டிஸ்க்குகளை உங்கள் அம்மா நூலில் கோர்த்து, குருவி வராமல் இருக்கப் பாகற்காய்ப் பந்தலில் தொங்கவிட்டாள்.

"என்னங்க, பந்தல் நெறைஞ்சிருச்சி. இனி கெடுக்கிறதுன்னா பக்கத்து வீட்டுப் பயத்தங்கொடிக்கும் சேத்துக் கெடுங்க" என்றாள்.

மெஷின் எழும்பிய பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. எந்த மொழி என்று கேட்கிற முதல் திரையில் தமிழ் உடைந்து வந்தது. சிங்களமும் அப்படித்தான். அந்தத் திரைக்கு நம் எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியவில்லை. கடைசியில், எழுத்தாகப் போடாமல் படமாகப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. வெள்ளைத் தாளில் 'தமிழ்' என்று நான் எழுதினேன். சிங்களத்தை எழுதித் தரச் சொல்லி மகளைக் கூப்பிட்டேன்.

"அப்ப எனக்கு?" என்று நீ சண்டைக்கு வந்தாய், மகனே.

"நீ இங்கிலீஷ் எழுது."

"அவனுக்கு இங்கிலீஷ்ல அவன் பேரே எழுத வராதுப்பா!" என்றாள் அக்கா.

நீ நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாய். கடைசி எழுத்துகள் மேலே ஏறிப் போயிருந்தன. தாளை ஸ்கேன் பண்ணி அப்படியே வைத்தேன். அந்த டிஸ்க் எத்தனையோ தோட்டங்களுக்குப் போனது. எங்கே போட்டாலும் முதலில் வருவது நம் மூன்று பேரின் கையெழுத்துதான். முதலாளி பார்த்துவிட்டு, "குடும்பப் போட்டோ மாதிரி இருக்கு மல்லி" என்றார்.

நம் வீட்டுக்கும் ஒரு பழைய மெஷின் கொண்டுவந்து, அந்த டிஸ்க்கைப் போட்டு, தமிழில் வைத்தேன். மறுநாள் வேலை விட்டு வந்தால் சிங்களத்தில் இருந்தது. நான் தமிழுக்கு மாற்றினேன். அடுத்த நாள் மறுபடி சிங்களம். கொஞ்ச நாள் இப்படியே போனது. பிறகு மகள்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, எங்க புத்தகம் சிங்களம். டீச்சர் சொல்ற பேரெல்லாம் சிங்களம். தமிழ்ல இருந்தா நான் எதை எங்கன்னு தேடுறது?"

அவள் சொன்னது நியாயம். பஜாரில் காசு எடுக்கிற பேங்க் மெஷினில் நம் ஆட்களே சிங்களப் பட்டனைத்தானே அமுக்குகிறார்கள்? சிக்கல் வந்தால் வரிசையில் பின்னால் நிற்கிறவர் பார்த்துச் சொல்வார் என்று. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நான் பின்னால் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு ஆறிப்போயிருக்கும்.

இப்போது மகள் கொழும்பில். மகனே, நீ பெல்மதுளையில் மோட்டார் வேலை பழகுகிறாய். டிஸ்க் போடுகிற இடமே இப்போது கம்ப்யூட்டரில் வருவதில்லை. நீ எனக்குப் போனில் செய்தி அனுப்புகிறாய். பேச்சு நம் வீட்டுத் தமிழ், எழுத்து சிங்களம். உனக்குத் தெரிந்த எழுத்து அதுதானே. நான் போனை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போகிறேன். அவருக்கு எழுத்து தெரியும், நம் தமிழ் முழுசாக விளங்காது. அவர் சத்தமாக வாசிக்க, எனக்கு விளங்கும். உன் ஒரு செய்திக்கு இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது.

"மூணு பாஷையும் டிஸ்க்கில ஏத்தின ஆளு, மகன்ட மெசேஜுக்கு என்கிட்ட வாறான்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பேசி அனுப்பு என்று உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். "ரூம்ல எல்லாரும் இருக்காங்கப்பா" என்றாய்.

போன கிழமை வந்ததையும் அவர்தான் வாசித்தார். "அப்பா… இந்த வாரமும் லீவு இல்ல… ராத்திரியில வீட்டு… நெனப்பாவே இருக்கு… அம்மாகிட்ட சொல்… சொல்லிராதீங்க." வாசித்துவிட்டு, "நெனப்புன்னா என்ன மல்லி?" என்று கேட்டார். போட்டோகாப்பி எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீ எனக்கு மட்டும் சொன்னது, மகனே. வேறொரு ஆளின் வாயிலிருந்து, தடுக்கித் தடுக்கி, நடுக்கடையில் வந்து விழுந்தது. "சும்மா, சுகம் விசாரிக்கிறான் மொதலாளி" என்றேன்.

மத்தியானம் அவர் சாப்பிடப் போனார். கடையில் யாருமில்லை. நீ அனுப்பிய பழைய செய்திகளைக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒரே மாதிரியான வடிவத்தில் தொடங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. அது என்ன சொல் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மை அப்பிக் கெட்டுப்போன போட்டோகாப்பித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் முதல் வளைவை வரைந்தேன்.