கரும்பலகையின் கீழ்ப்பாதி

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கணக்கு டீச்சர் சரோஜா வேலைக்குத் திரும்பியிருந்தார். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதினார், பின்பெஞ்சுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே, “மேல எழுதுங்க டீச்சர், உடம்பு வணங்கலையா?” என்று அதட்டினேன்.

அவர் இடக்கையால் வலக்கையைத் தாங்கி உயர்த்தினார். தோளுக்கு மேல் போகவில்லை. சாக்பீஸ் விழுந்தது.

வெளியே வந்து, “வலி ஜாஸ்திங்க மேடம். தலைகூட வாரிக்க முடியல. பஸ் குலுங்கினா உயிர் போவுது. இங்க வந்தாதான் கொஞ்சம் மறக்குது, வீட்டுக்கு அனுப்பிடாதீங்க” என்றார்.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்றே பலகையை இறக்கி மாட்டச் சொல்லி, பின்பெஞ்சுப் பிள்ளைகளை முன்னால் தரையில் உட்கார வைத்தேன். இரண்டு மாதம்தான் அதில் எழுதினார். பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலைமையாசிரியை என்ற கௌரவம் தடுத்துவிட்டது. பள்ளிக்கு வந்த கடைசி நாள்வரை அவர்தான் எனக்கு முதலில் வணக்கம் சொன்னார்.